அறியாது பொறுத்தல் பொறையாகுமோ?

கொடுங்கோல் ஒன்று வீழ்ந்தபின் நாட்டில் எஞ்சுவன இரண்டு. ஒன்று அதனால் மாண்டாரது புதைகுழி. மற்றொன்று அதற்கு ஏவல் செய்தாரது கூட்டம். மாண்டாரை நினைந்து வருந்துதல் எளிது. ஏவல் செய்தாரோ இறந்திலர். அவர் அயல் வீட்டில் இருக்கின்றார், சந்தையில் எதிர்ப்படுகின்றார், நம் பிள்ளைக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியராகவும், நம் நோய்க்கு மருந்து தரும் வைத்தியராகவும் இருக்கின்றார். அவரோடு எங்ஙனம் கூடி வாழ்வது? அவர் செய்தவற்றை அகழ்ந்தெடுத்து ஆராய்தல் அறமோ? மண்ணிட்டு மூடி மறத்தல் அறமோ?

இவ்வினா மனிதர்க்குப் புதியதன்று. ஆயினும், 1989ஆம் ஆண்டு முதல் 1991ஆம் ஆண்டு வரையிற் கிழக்கு ஐரோப்பிய நாடுகளிலே பொதுவுடைமைக் கட்சியாரது ஆட்சி ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தபொழுது, இது முன் அறியப்படாத ஒரு வடிவில் எழுந்தது. பொதுவுடைமைக் கொள்கை செவ்விதோ அன்றோ என்பது ஈண்டு எமது ஆராய்ச்சியன்று. பசித்தார்க்குச் சோறும் உழைப்பார்க்கு மதிப்பும் வேண்டும் என்னும் விருப்பத்தை அறிவுடையார் யாரும் பழியார். அவ்விருப்பத்தின் பெயரால் ஆண்டோர் விட்டுச் சென்ற பழியைப் பின்வந்தோர் எங்ஙனம் தீர்த்துக்கொண்டனர், அவ்வாறு தீர்த்த வகை அறத்தொடு பொருந்துமோ என்பதே இங்கு ஆராயப்படுவது. கிழக்கு ஜேர்மனியின் செய்தி விரிவாக வெளிப்பட்டிருத்தலின் அதனை முதன்மையாகக் கொண்டு, ஏனைய நாட்டுச் செய்திகளை ஒப்புநோக்குவாம்.

1949ஆம் ஆண்டு தோன்றி, 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் நாள் மேற்கு ஜேர்மனியோடு கலந்து மறைந்தது, ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு என்னும் கிழக்கு ஜேர்மனி. அந்நாட்டார் 1950ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 8ஆம் நாள் அரசபாதுகாப்பு அமைச்சு ஒன்றை நிறுவினர். சனங்கள் அதனை ‘ஸ்டாசி’ என்று சுருக்கி அழைத்தனர். 1989ஆம் ஆண்டில் அவ்வமைச்சிற் சம்பளம் பெற்ற உத்தியோகத்தர் ஏறக்குறைய 91,000 பேர். அவரின் வேறாக, தம் தொழிலைச் செய்துகொண்டே மறைவில் ஒற்றுரைத்தோர் ஏறக்குறைய 180,000 பேர். அந்நாட்டின் குடிசனத் தொகையோ ஒரு கோடியே அறுபது இலட்சமளவினது. ஒருவரைப் பற்றிய பத்திரங்களைக் கோத்து வைத்த கட்டினைக் கோவை என்பர். ஸ்டாசி தொகுத்த கோவைகளும் பிற ஏடுகளும் நெருக்கி வரிசையாக நிறுத்தப்படின், அவ்வரிசை 111 கிலோமீற்றர் நீளும்.

அரசர்க்கு ஒற்று வேண்டுவதே என்பது பழைய நீதி நூலார்க்கும் உடன்பாடு. திருவள்ளுவனார் பொருட்பாலில் ஒற்றாடல் என ஓரதிகாரம் வகுத்தனர். ஆயின், அந்நூலிலேயே கூடாநட்பு என ஓரதிகாரமும், புறங்கூறாமை என ஓரதிகாரமும் உள்ளன. இவற்றை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, அரசன் தன் நாட்டின் நிலையை ஒற்றினால் அறிதல் வேறு, குடிகளை ஒருவருக்கொருவர் கூடாநட்பினராக ஆக்குதல் வேறு என்பது புலப்படும். ஸ்டாசி செய்தது பின்னையதே. கணவன் மனைவியையும், நண்பன் நண்பனையும், குருவானவர் தம் சபையாரையும் குறித்து எழுதிக் கொடுத்தனர். 1976ஆம் ஆண்டில் அவ்வமைச்சு வகுத்த ஒரு விதி ‘சிதைத்தல்’ என்னும் முறையைக் கற்பித்தது. சிறையிலிட வேண்டாம், ஒருவனது நற்பெயரைக் கெடுக்க, அவன் தொழிலைக் குலைக்க, அவனுடைய நட்பினுள்ளும் இல்லறத்தினுள்ளும் ஐயத்தை விதைக்க, தன்னை யார் கெடுக்கின்றார் என்று அறியாமலே அவன் தளர்ந்து போவான் என்பது அதன் கருத்து.

பின்வரும் ஆராய்ச்சிக்கெல்லாம் அடிப்படை இங்கே உள்ளது. களவிலும் கொலையிலும், தீங்கு செய்தான் இன்னான் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஒற்றினால் விளைந்த தீங்கிலோ, கெட்டவன் தான் கெட்டதை அறிவான், கெடுத்தவனை அறியான். அதனால் அவன் ஐயம் எல்லார் மேலும் படரும். ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்தார்க்கு இது நன்கு விளங்கும். முற்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்திற் சட்டாம்பிள்ளை ஒருவன் இருந்தான். அவன் ஆசிரியரிடம் கோள் சொல்வான் என்பதை எல்லாப் பிள்ளைகளும் அறிவர், அவனெதிரில் வாயடக்குவர், அவ்வளவே. ஆசிரியர் மறைவாக ஒரு மாணாக்கனை ஏவி, ஏனையோர் பேசுவனவற்றை அறிந்துவரச் செய்வாராயின், அவ்வகுப்பில் நட்பென்பதே அழியும். ஒற்றன் ஒருவனே, ஐயமோ முப்பதின்மர் மேலும் விழும்.

இனி, ஆட்சி வீழ்ந்தபின் நடந்தவற்றை நோக்குவாம். 1989ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 9ஆம் நாள் இரவு பேர்லின் மதில் திறக்கப்பட்டது. அடுத்த சில கிழமைகளில் ஸ்டாசிக் கந்தோர்களிலிருந்து புகை எழுவதைச் சனங்கள் கண்டனர். பத்திரங்கள் எரிக்கப்படுகின்றன என்று உணர்ந்த எர்பூர்ட் நகரத்துப் பெண்கள் டிசெம்பர் மாதம் 4ஆம் நாள் காலையில் முன்னின்று, ஊரவரைக் கூட்டி, அங்குள்ள கந்தோரினுட் புகுந்து எரிப்பைத் தடுத்தனர். ஏனை நகரத்தாரும் அவ்வாறே செய்தனர். 1990ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15ஆம் நாள் பேர்லினிலுள்ள தலைமைக் கந்தோரும் சனங்கள் கைப்பட்டது. அதற்குள் உத்தியோகத்தர் கையாற் கிழித்து அடைத்து வைத்த காகிதத் துண்டுகள் ஏறக்குறைய 16,000 சாக்குகளில் இருந்தன.

அவற்றை என்செய்வது? இரண்டு ஜேர்மனிகளும் இணைதற்கு 1990ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உடன்படிக்கை எழுதியபொழுது, கோவைகளை மேற்கு ஜேர்மனியின் ஆவணக் களரியில் ஒப்புவித்துப் பெரும்பாலும் மூடி வைத்தலே நலமென்று கருதியோர் பலர். அவற்றைத் திறப்பின் பழிக்குப்பழியாகக் கொலை நிகழும் என்று அவர் அஞ்சினர். அவ்வச்சம் பொருளற்றதென்று தள்ளத்தக்கதன்று. எனினும், பழைய ஆட்சியை எதிர்த்துத் துன்புற்றோர் சிலர் செப்டெம்பர் மாதத்தில் அத்தலைமைக் கந்தோரினுள் மீண்டும் புகுந்து உண்ணாவிரதம் இருந்தனர். ‘எம்மைப் பற்றி எழுதியது எமக்குரியது’ என்பதே அவர் வேண்டுகோளின் சாரம். அவர் கருத்து வென்றது. 1991ஆம் ஆண்டு டிசெம்பர் இறுதியில் ஸ்டாசிக் கோவைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1992ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2ஆம் நாள் முதல் மக்கள் தத்தம் கோவையைக் கந்தோரில் இருந்து வாசிக்கலாயினர். அக்கந்தோருக்குத் தலைவரானவர் ரொஸ்டொக் நகரத்து லுத்தரன் சபைக் குருவாயிருந்த யோவாக்கிம் கவுக் என்பார். இவர் 2012ஆம் ஆண்டு முதல் 2017ஆம் ஆண்டு வரை ஜேர்மனியின் சனாதிபதியாகவும் இருந்தவர். தம் கோவையைக் காண விண்ணப்பித்தவை இதுகாறும் 30 இலட்சத்துக்கு மேற்பட்டன. அஞ்சிய கொலைகள் நிகழ்ந்தில.

இனித் தடைகளை எடுத்து ஆராய்வாம்.

முதலாவது தடை வருமாறு: ‘நடந்தது நடந்துவிட்டது. பொறுத்தலே பெரியோர் செயல். புண் ஆறும்பொழுது அதனைக் கீறுதல் பேதைமை. ஆதலின் கோவைகளை எரித்து, பழையனவற்றை மறந்து, ஒற்றுமையாக வாழ்தலே நன்று’ என்பர். இதற்கு உதாரணமாகப் போலந்தைக் காட்டுவர். அந்நாட்டின் பிரதமராக 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24ஆம் நாள் தெரிவான ததேயுஷ் மசோவியெத்ஸ்கி என்பார், அன்று ஆற்றிய உரையில், கழிந்த காலத்துக்கும் தமக்கும் இடையே தடித்ததொரு கோட்டினைக் கீறுவதாகக் கூறினர். தம் அமைச்சு தான் செய்வனவற்றுக்கே பொறுப்பாகும் என்பதே அவர் கருதிய பொருள். நாளடைவில் அது ‘பழையதைக் கேளாதீர்’ என்னும் பொருளிற் கொள்ளப்பட்டது.

பொறுத்தல் பெரியோர் செயல் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின், பொறுத்தலென்பது யாது? ஒருவன் எனக்கு இன்ன தீங்கு செய்தான் என்று யான் அறிகின்றேன். அதற்கு எதிர் செய்ய எனக்கு வலியும் உண்டு. ஆயினும் செய்யாது விடுகின்றேன். அதுவே பொறை. தீங்கு செய்தான் யாவனென்றும், செய்த தீங்கு யாதென்றும் அறியாதவன் எதனைப் பொறுப்பான்? குருடன் ஒருவன் தன் முன் கிடந்த பொருளை எடாது சென்றான் என்று அவனைக் கள்ளாமை உடையான் எனப் புகழ்வார் உளரோ? அறியாமை வேறு, பொறை வேறு. பிறன் எனக்கு இழைத்த தீங்கை அரசாங்கம் எனக்கு மறைத்துவிட்டு, ‘நீ பொறுத்துவிட்டாய்’ என்று என் பெயராற் கூறுமாயின், அது என் பொறையைக் களவாடியதாகும். பொறுத்தல் தீங்குற்றவனது உரிமை. அவன் கையிலன்றிப் பிறர் கையில் அது பிறத்தல் இல்லை.

மேலும், மூடிவைத்தமையாற் போலந்தில் ஒற்றுமை உண்டாயிற்றோ எனின், இல்லை. இன்னார் ஒற்றர் என்னும் வதந்தி கட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று வீசுங் கல்லாயிற்று. 1992ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் உள்நாட்டமைச்சர் பாராளுமன்றத்தினர்க்கு ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுக்க, ஒற்றர் எனச் சுட்டப்பட்டாருள் அந்நாட்டுச் சனாதிபதி லேக் வலென்சாவின் பெயரும் அடிபட்டது. அன்றிரவே அமைச்சு கவிழ்ந்தது. இறுதியில் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தாற் கோவைகளைக் காத்தற்கும் காட்டுதற்கும் ஒரு நிலையம் அமைக்க வேண்டியதாயிற்று. சனங்கட்கு அடைத்த கதவு சூழ்ச்சிக்காரர்க்கு அடைபடுவதில்லை என்பதே இதனாற் பெறப்படுவது.

அற்றேல், அறிதலால் உடையுங் குடும்பங்கட்கு என்ன விடை என்று வினவுவாரும் உளர். இஃது எளிதிற் கடக்கத்தக்க வினாவன்று. கிழக்கு ஜேர்மனியில் ஆட்சியை எதிர்த்து நின்று, 1988ஆம் ஆண்டிற் சிறை புகுந்து, பின்னர்ப் பாராளுமன்ற அங்கத்தினராகிய வேரா லெங்ஸ்பெல்ட் என்னும் அம்மையார், தம்மைப் பற்றிப் பொய்ப்பெயரில் ஒற்றுரைத்தவன் தம் பிள்ளைகளின் தந்தையாகிய கணவனே என்பதை அறிந்தனர். இல்லறம் முறிந்தது. அறியாதிருப்பின் அவ்வில்லம் நிலைத்திருக்கும், உண்மையே. ஆயின் அதனுள் அவர் வாழ்ந்த வாழ்வு யாருடையது? தாம் அன்பு செய்யும் ஒருவர்பால் வாழ்கின்றேம் என்று எண்ணி, தம் சொல்லையெல்லாம் எழுதிக் கொடுத்த ஒருவர்பால் வாழ்ந்திருப்பர். பின்னாளில் அக்கணவன் மன்னிப்பு வேண்ட, தாம் மன்னித்ததாக அவ்வம்மையார் கூறினர். அம்மன்னிப்புக்கு ஒரு பொருளுண்டு. அறிந்து, வருந்தி, முறித்து, அதன்பின் உள்ளம் இசைந்து கொடுத்தது அது. எல்லாரும் அவ்வாறு மன்னிக்க வேண்டுமென்று யாம் கூறேம். மன்னியாதாரைப் பழித்தலும் தகாது. மன்னித்தற்கும் மறுத்தற்கும் அவர்க்கு இடமளித்ததே அறத்தின்பாற்பட்டது.

அறிதலாற் குலைந்த நட்பு மட்டுமன்று, மீண்ட நட்பும் உண்டு. பல்லாண்டு யாரோ ஒரு நண்பனை ஒற்றனென்று ஐயுற்று விலக்கியிருந்தோர், கோவையை வாசித்தபின் அவன் குற்றமற்றவன் என்று கண்டனர். இதனினும் பெரிதொன்றுண்டு. ஒற்றுரைக்க மறுத்தாரது செய்தியும் அக்கோவைகளிலே எழுதப்பட்டுள்ளது. ஓர் உத்தியோகத்தர் வந்து நயந்தும் வெருட்டியும் கேட்க, ‘இது என்னாலாகாது’ என்று சொல்லியனுப்பிய எளிய மனிதர் பலர். அவருட் பலர்க்குப் பெருந்தீங்கு நேரவில்லை என்பதும் தெரிகின்றது. அவர் அதனைப் பெருமையாகப் பேசித் திரிந்திலர். எல்லாவற்றையும் எரித்திருப்பின், தீயோர் செயலோடு இந்நல்லோர் செயலும் சாம்பலாகியிருக்கும்; ‘அக்காலத்தில் யார்தாம் வேறு செய்திருக்க முடியும்’ என்னும் பொய்ச் சமாதானமே நிலைத்திருக்கும்.

இரண்டாவது தடை, ‘கோவை உண்மை கூறும் என்பதற்கு யாது சான்று? அதனை எழுதினோர் பொய்யர். ஊதியம் பெறுதற்கு இல்லாததை உள்ளதாக எழுதியிருப்பர். அப்பொய்யர் சொல்லைக் கொண்டு ஒருவனைப் பழித்தல் அவரது ஆட்சியை நீட்டித்தலே’ என்பது. இது வலியுள்ள தடை. செக்கோசிலோவாக்கியாவில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அந்நாட்டார் 1991ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு சட்டமியற்றி, பழைய இரகசியப் பொலிசாரது ஏட்டிற் பெயர் உள்ளாரை உயர்ந்த உத்தியோகங்களிலிருந்து விலக்கினர். 1992ஆம் ஆண்டில், அரசாங்கத்தின் அனுமதியின்றி, ஒற்றர் எனப்பட்டாரது பெரும் பெயர்ப்பட்டியல் ஒன்று பத்திரிகையில் வெளியாயிற்று. இன்ன செயலைச் செய்தார் என்பது அதில் இல்லை. பெயரும் பிறந்த நாளும் குறிபெயருமே இருந்தன. மனமுவந்து நண்பரைக் காட்டிக்கொடுத்தானும், ஒருமுறை அச்சத்தாற் கையெழுத்திட்டுப் பின் ஒன்றுஞ் சொல்லாதிருந்தானும், தன்னை அறியாமலே பெயர் எழுதப்பட்டானும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டனர். அவருட் சிலர் நீதிமன்றுக்குச் சென்று தம் பெயரைத் துடைத்துக்கொள்ள நேர்ந்தது.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? கோவையைத் திறத்தல் ஒன்று. பெயரைச் சந்தியில் ஒட்டுதல் மற்றொன்று. ஜேர்மனியர் செய்த சட்டம் இவ்விரண்டையும் வேறு பிரித்தது. தீங்குற்றவன் தன் கோவையைத் தானே வாசிப்பான்; அதனுள் வரும் பிறரது அந்தரங்கம் மறைக்கப்படும்; தன்னை ஒற்றிய ஒற்றனது உண்மைப் பெயரை வேண்டின் கேட்டறிவான். வாசித்தபின் என்செய்வதென்பது அவனது பொறுப்பு. ஆங்கில சரித்திர ஆசிரியராகிய திமோதி கார்ட்டன் ஆஷ் என்பார், இளமையிற் கிழக்கு பேர்லினில் வாழ்ந்தபொழுது தம்மீது தொகுத்த கோவையைப் பின்னாளில் வாசித்து, தம்மை ஒற்றினோரையும் அவரை ஏவிய உத்தியோகத்தரையும் தேடிச்சென்று பேசி, 1997ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டனர். அந்நூலிற் காணப்படுவோர் அரக்கர் அல்லர். அச்சமும் ஆசையும் பழைய துன்பமும் கொள்கைப் பற்றும் கலந்த மனிதர். கோவை கூறியதைக் கோவையோடு விட்டுவிடாது, கூறப்பட்டவனிடம் சென்று கேட்டமையாலன்றோ அது புலனாயிற்று? சான்றை ஆராயாது நம்புதல் குற்றம். ஆராய்தற்கு அஞ்சி எரித்தல் அதனினும் குற்றம்.

செக்கோசிலோவாக்கியாவின் சனாதிபதியாகிய வாக்லாவ் ஹாவெல், பழைய ஆட்சியிற் பன்முறை சிறையிருந்தவர். அவர் 1990ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 1ஆம் நாள் நாட்டாரை நோக்கிப் பேசியபொழுது, அக்கொடுமைப் பொறியை இயக்கியதில் எல்லார்க்கும் வேறுவேறு அளவிற் பங்குண்டு. ஒருவரும் அதற்கு இரையானார் மாத்திரம் அல்லர் என்னுங் கருத்தைக் கூறினர். சிறையிருந்தவர் வாயிற் பிறந்தமையின் அச்சொல் அழகுற்றது. ஆயின் ‘வேறுவேறு அளவில்’ என்பதை விட்டுவிட்டு ‘எல்லார்க்கும் பங்குண்டு’ என்பதை மாத்திரம் பற்றிக்கொள்வோர் பெருங்குற்றவாளிகளே. எல்லாரும் குற்றவாளிகள் எனின், ஒருவரும் குற்றவாளியல்லர் என்றாகும். அளவை அறிதற்கு மீண்டும் அறிவே வேண்டும்.

மூன்றாவது தடை, மேற்கூறியவற்றுக்கு மறுதலையானது: ‘அறிந்தால் மட்டும் போதுமோ? தண்டியாது விடுதல் செங்கோலாகுமோ?’ என்பது. இதற்கு எல்லைக்காவலர் வழக்கை எடுத்துக்கொள்வாம். 1989ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆம் நாள் நள்ளிரவை அடுத்து, கிறிஸ் கெப்ராய் என்னும் இருபது வயது இளைஞன் மதிலைக் கடக்க முயன்று சுடப்பட்டு இறந்தான். பேர்லின் மதிலில் உயிரிழந்தோர் குறைந்தது 140 பேர். சுடப்பட்டு இறந்தாருள் இவனே கடைசியானவன். காவலர்க்கு அக்காலத்திற் பரிசும் கொடுக்கப்பட்டது. 1991ஆம் ஆண்டில் அக்காவலர் நீதிமன்றில் நிறுத்தப்பட்டபொழுது, ‘யாம் எம் நாட்டுச் சட்டத்தைச் செய்தேம்’ என்றனர். ஜேர்மன் நீதிநூலறிஞர் குஸ்தாவ் ராட்புரூக் 1946ஆம் ஆண்டில், நாசிகளது ஆட்சிக்குப்பின், பொறுக்கலாகாத அளவு அநீதியுடைய சட்டம் நீதிக்கு வழிவிடல் வேண்டும் என்று நிறுவியிருந்தார். அதனைத் தழுவி, படைக்கலம் இல்லாது ஓடும் மனிதனைக் கொல்லச் சொல்லும் விதி விதியாகாது என நீதிமன்று கொண்டது. ஒருவனுக்கு 1992ஆம் ஆண்டு மூன்றரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் இரண்டாண்டாகக் குறைக்கப்பட்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

ஏவியவர் என்னாயினர்? கட்சித் தலைவர் எரிக் ஹொனெக்கரது வழக்கு 1992ஆம் ஆண்டு நவெம்பரிலே தொடங்கி, அவரது நோயின் பொருட்டு 1993ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அவர் சிலி நாட்டுக்குச் சென்று மறுவருடம் இறந்தனர். 1957ஆம் ஆண்டு முதல் ஸ்டாசிக்குத் தலைவராயிருந்த எரிக் மீல்கே 1993ஆம் ஆண்டிலே தண்டிக்கப்பட்டது, 1931ஆம் ஆண்டில் இரண்டு பொலிசாரைக் கொன்ற பழைய குற்றத்துக்கே! ஹொனெக்கருக்குப்பின் சில நாள் தலைவராயிருந்த எகோன் கிரென்ஸ் என்பார்க்கு 1997ஆம் ஆண்டில் ஆறரை ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஐரோப்பிய மனிதவுரிமை நீதிமன்றும் 2001ஆம் ஆண்டில் அது முறையென்றது. ஒற்றர்களுட் பெரும்பாலார்க்கோ தண்டனை ஒன்றும் இல்லை. ஒற்றுரைத்தல் தன்னளவிலே தண்டிக்கத்தக்க குற்றமாக எச்சட்டத்தும் எழுதப்பட்டிருந்ததில்லை.

இதனைக் கண்டு செங்கோல் வளைந்ததென்று வெகுள்வோர் பலர். அவர் வெகுளி நியாயமானதே. எனினும், செயலுக்கு முன் எழுதப்படாத சட்டத்தைப் பின்னர் எழுதித் தண்டிப்பது பழைய ஆட்சியின் வழி. அவ்வழியை வெறுத்து எழுந்த மக்கள் அதனையே கையாளுவராயின், கொடுங்கோல் கைமாறியதேயன்றி ஒழிந்ததாகாது. தண்டனை நீதிமன்றுக்குரியது, தக்க சான்றோடு, இன்னான் இன்னது செய்தான் என்று காட்டப்பட்டவழியே விதிக்கத்தக்கது. நீதிமன்றின் கைக்கெட்டாத தீமைகள் பலவுள. அவற்றுக்கு, அறியப்படுதலே உலகிற் கிடைக்குந் தண்டனை. சிலர்க்கு அது சிறையினும் கொடிது.

இவ்வாறு கூறுதலால், ஜேர்மனியர் செய்தன யாவும் குற்றமற்றன என்று யாம் கொள்ளேம். எய்தவன் இருக்க அம்பை நோதல் அங்கும் நிகழ்ந்தது. கூலிக்கு ஒற்றுரைத்த சிறியோர் பத்திரிகைகளிற் பழிக்கப்பட, அவரை ஏவிய கட்சியின் பெரியோர் பலர் கண்ணிற்படாது ஒதுங்கினர். மேலும், நடுவராக அமர்ந்தோருட் பலர் மேற்கிலிருந்து வந்தோர். அக்கொடுமையின்கீழ் ஒரு நாளும் வாழாதோர். தொழிற்சாலைகள் மூடப்பட்டு வேலையிழந்து நின்ற கிழக்கத்தையார்க்கு, தம் நாற்பதாண்டு வாழ்வு முழுவதும் ஒரு கோவையாகச் சுருக்கப்பட்டதென்னும் மனக்குறை உண்டாயிற்று. அவர் மணந்ததும், பிள்ளை வளர்த்ததும், நேர்மையாக உழைத்ததும் அக்கோவைகளில் இல்லை. மேற்கு ஜேர்மனி தானும் 1945ஆம் ஆண்டுக்குப்பின் நாசிகளது பழியைத் தீர்த்த வகை புகழத்தக்கதன்று. யூதரை விலக்கிய சட்டங்களுக்கு உரை எழுதியவருள் ஒருவராகிய ஹான்ஸ் குளொப்கே 1953ஆம் ஆண்டு முதல் 1963ஆம் ஆண்டு வரை பிரதமரது காரியாலயத்துக்குத் தலைவராக இருந்தனர். முன்னர்ச் செய்யத் தவறியதைப் பின்னர் அயலான் வீட்டிற் செய்கின்றார் என்று கிழக்கத்தையார் சிலர் முணுமுணுத்தது வியப்பன்று. ஆயினும், முற்பழியைத் தீர்க்கத் தவறியமை பிற்பழியையும் மூடுதற்கு நியாயமாகாது. ஆவணங்களைக் காத்தவரும், திறக்கும்படி பட்டினி கிடந்தவரும் கிழக்கத்தையாரே என்பதையும் மறத்தலாகாது.

திறவாத நாடு என்னாயிற்று என்பதற்கு ருஷியாவை நோக்குக. 1937ஆம் 1938ஆம் ஆண்டுகளில் மாத்திரம் சுட்டுக் கொல்லப்பட்டோர் அந்நாட்டு அரசாங்கத்தின் பதிவின்படியே ஏறக்குறைய 680,000 பேர். 1940ஆம் ஆண்டிற் கத்தீன் முதலிய இடங்களில் ஏறக்குறைய 22,000 போலந்தியரைக் கொன்றுவிட்டு, 1990ஆம் ஆண்டு ஏப்ரில் வரையும் அதனை ஜேர்மனியர் செயலென்றே சாதித்தனர். சோவியத்து ஆட்சியின் கடைசிக் காலத்திலே, அறிஞர் அந்திரேய் சகாரோவ் முதலானோர் ‘மெமோரியல்’ என்னும் சங்கத்தை நிறுவி, இறந்தார் பெயரை ஒவ்வொன்றாகத் தொகுத்தனர். முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் சேர்ந்தன. ஆயின், தொகுத்தது சங்கம், அரசாங்கமன்று. ஆவணக் கதவு முதலிற் சிறிது திறந்து, பின்னர் மெல்ல மெல்ல அடைபட்டது. கொன்றாரை விசாரித்த வழக்கொன்றும் நடைபெறவில்லை. 2021ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 28ஆம் நாள் உயர்நீதிமன்று அச்சங்கத்தையே கலைக்குமாறு தீர்ப்பளித்தது. மறுவருடம் அதற்கு நோபல் சமாதானப் பரிசிற் பங்கு கிடைத்தது. பழையதை மறந்தால் அமைதி வரும் என்பாரை நோக்கி யாம் வினாவுவது இது: மறந்த வீட்டில் அமைதி வந்ததோ? பழைய முறையே மீண்டு வந்ததோ?

இதுகாறும் ஆராய்ந்தவற்றை ஒருங்கு தொகுப்பாம். அறிதல், தண்டித்தல், பொறுத்தல் என்பன மூன்று வேறு செயல்கள்; மூன்றற்கும் உரியாரும் வெவ்வேறு. அறிதல் தீங்குற்றவனுக்கு உரிமை. அதனை அரசாங்கம் மறுத்தலாகாது. தண்டித்தல் நீதிமன்றின் கடமை. அதனைப் பத்திரிகையும் கட்சியும் கைக்கொள்ளலாகாது. பொறுத்தல் அவரவர் நெஞ்சின் செயல். அதனைச் சட்டத்தாற் கட்டளையிடவும் ஆகாது, தடுக்கவும் ஆகாது. போலந்தார் பொறுத்தலை முன்வைத்து அறிதலைத் தள்ளினர். செக்கர் அறிதலையும் தண்டித்தலையும் ஒன்றாக்கினர். ருஷியர் மூன்றையுங் கைவிட்டனர். ஜேர்மனியர் குறைகள் பலவற்றோடு மூன்றையும் வேறுபிரித்து வைக்க முயன்றனர். அம்முயற்சியே ஏனையோர்க்கு வழிகாட்டத்தக்கது.

கிழித்து அடைத்த அப்பதினாறாயிரஞ் சாக்குகளிலுள்ள துண்டுகளை 1995ஆம் ஆண்டு முதற் சிலர் இருந்து, ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டலாயினர். பல்லாண்டு உழைத்தும் 500 சாக்குகளுக்குச் சிறிது மேற்பட்டனவே முடிந்தன. 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கோவைகள் யாவும் ஜேர்மன் தேசிய ஆவணக் களரியின் பொறுப்பில் வந்தன. வாசிக்கும் உரிமை மாறவில்லை. ஒற்றினோரும் ஒற்றப்பட்டோரும் முதுமையெய்தி மறைகின்றார். சாக்குகளோ பெரும்பாலும் அவிழ்க்கப்படாமல் இருக்கின்றன. இதனை வீண்வேலை என்று நகுவாரும் உளர். ஒரு துண்டுக் காகிதத்தில் எவனோ ஒருவன் தன் நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்த செய்தி இருக்கலாம். அதனை அவன் பேரன் அறிதல் வீணாகாது. தீங்கு செய்தானையும் செய்யாதானையும் வேறு பிரித்தறியாத சமுதாயத்தில் மன்னிப்புக்குப் பொருளில்லை, நன்மைக்கும் மதிப்பில்லை. ஆதலின், அறிந்து பொறுத்தலே பொறை. அறியாது பொறுத்தல் பொறையன்று என்பது எமது துணிபு.